ஜன்னத்கால்

திருச்சி,
5-6-1961

மதிப்பிற்குரிய ஷேக் பரீது ஐயா அவர்களுக்கு,

முன்பின் அறியாத ஒரு பெண் கடிதம் எழுதுவதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்கு நாட்களாக இதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். அலுவலக வேலைக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும், என்னை எழுதச் சொன்னவர் யாரும் இல்லை. அதனால் தபால் தலையும் என்னுடையது, துணிச்சலும் என்னுடையது. இரண்டாவது என்னிடம் அதிகம் இருப்பில்லை.

என் பெயர் அற்புதமேரி. சொந்த ஊர் ஆவூர். சென்ற ஆண்டு பி.ஏ. முடித்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பொறியியல் பாடங்களைத் தமிழில் கற்பிப்பதற்குச் சொற்கள் தொகுக்கும் குழு ஒன்றில் தற்காலிக உதவியாளராக இருக்கிறேன். உதவியாளர்கள் ஐந்து பேருக்கும் பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்குக் கடலோரப் பக்கம் வந்தது. ஜெட்டி, பியர், வார்ஃப், கீ என்று படகு அணையும் இடத்துக்கே நான்கு சொற்கள். அவற்றைத் தாங்கி நிற்கும் தூண்களுக்கு இன்னும் ஏழு.

நான் கடலைப் பார்த்ததே இல்லை, ஐயா. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறை. அதில் உட்கார்ந்து துணி துவைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு படகுகள் வந்து நிற்கும் இடத்துக்குப் பெயர் சூட்டலாமா?

எங்கள் குழுத் தலைவர் முத்துராமன் ஐயா ஓய்வுபெற்ற பொறியாளர். அவர் "அலைமுக நீட்சித் தூண்மேடை" என்று ஒரு சொல் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டியது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கோட்டைப்பட்டினத்தில் கடலுக்குள் மரப்பாலம் கட்டப்படுவதாகவும், அதன் மேஸ்திரி தாங்கள் என்றும் ஒரு பத்திரிகைத் துணுக்கில் படித்தேன். தங்கள் ஆட்கள் வேலைநேரத்தில் அதன் ஒவ்வொரு பகுதியையும் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று எழுதினால் போதும்.

ஆகஸ்டு முடிவில் ஐவரில் இருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்கள் ஊர் திரும்ப வேண்டியதுதான். அதற்காகத் தாங்கள் பதில் எழுத வேண்டும் என்பதில்லை. ஏன் இதை எழுதினேன் என்றும் தெரியவில்லை. அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

தயக்கத்துடன்,
அற்புதமேரி


786

கோட்டைப்பட்டினம்,
12-6-61

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபிதா எழுதுறேன். மேஸ்திரி ஷேக் பரீதோட மக. ஒங்க கடுதாசி அத்தாவுக்குத்தான் வந்துச்சு. அத்தா மரத்துல உளியால எதுவும் செய்வாங்க, காயிதத்துல பென்சில் புடிக்கச் சொன்னா மட்டும் வேர்த்துப்போயிரும். "நீதான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கியே, ஒனக்குச் சரியான சோடி, நீயே எழுது"ன்னுட்டாங்க. பி.ஏ.வும் எட்டாவதும் எப்படிச் சோடியாகும்னு கேட்டேன். "ரெண்டு பேரும் காயிதத்தைத்தானே திங்கிறீங்க"ன்னாங்க.

ஒங்க தலைவர் சொன்ன பேரை அத்தா வேலையாளுங்ககிட்ட சொல்லிக் காட்டுனாங்களாம். செல்லமுத்து அண்ணன் அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வத்தை கரை தட்டிரும்னு சொல்லிச்சாம். வத்தைன்னா எங்க ஊருப் படகு.

இங்க எல்லாருக்கும் அது பாலம்தான். அங்கிட்டுக் கரையே இல்லையே, அது எப்படிப் பாலமாகும்னு நான் வேலை தொடங்குன நாள்லேருந்து கேக்குறவ. அத்தாட்ட இன்னைக்கும் கேட்டேன். "அங்கிட்டுக் கரை இருக்கு. அது வத்தையில வருது"ன்னாங்க.

இந்தக் கடலு சேறு. கால் மைலுக்கு இடுப்பளவுதான் தண்ணி. இப்ப மீன் கூடையத் தலையில வச்சுக்கிட்டுச் சேத்துல நடந்து வாராங்க. அதுக்குத்தான் பாலம். தூணுன்னு யாரும் சொல்றதில்ல. தூணு மண்டபத்துல நிக்கிறது. தண்ணியில நிக்கிறது கால். ரெண்டு காலுக்குக் குறுக்க உத்தரம். உத்தரத்துக்கு மேல பலகை. சாயிற காலுக்கு முட்டு. அவ்வளவுதான். மொத்தம் முப்பத்தாறு கால், வைரம் பாஞ்ச பனைமரம், தார் பூசுனது. தண்ணி வத்துற நேரம் பாத்து ஒவ்வொண்ணா நடுறாங்க.

நான் இதையெல்லாம் எங்க வீட்டு மாடியிலேருந்து பாக்குறதுதான். வயசுப் புள்ளைய அங்க விட மாட்டாங்க, பாலத்துக்குப் போனதில்ல. போயிட்டு வந்தவுங்கள விட எனக்கு நல்லாத் தெரியும்.

ஒங்க வேலை நெலைக்கணும்னு துவா செய்றேன். இன்னும் என்ன வேணும், கேளுங்க.

ஆபிதா


திருச்சி,
20-6-1961

அன்புள்ள ஆபிதா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு முறை வேலைக்காக.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தின் தலைப்பில் 786 என்று இருந்தது. அதைக் கடித எண் என்று நினைத்து, வரவுப் பதிவேட்டில் "கோட்டைப்பட்டினம், க. எண் 786" என்று எழுதிவிட்டேன். மேஸ்திரி வீட்டில் இவ்வளவு கடிதப் போக்குவரத்தா என்று மலைத்தும் போனேன். பக்கத்து மேசை திருப்பதி அண்ணன்தான் பார்த்துவிட்டு, "மேரி, அது பிஸ்மில்லா எண். கடவுள் பெயரைச் சொல்லித் தொடங்குவது. அவருக்கு நீ வரவு வைக்கிறாயா?" என்று சிரித்தார். கையில் கிடைப்பதை எல்லாம் பதிவேட்டில் ஏற்றிவிடும் பழக்கம் எனக்கு.

கால், உத்தரம், பலகை, முட்டு நான்கையும் எழுதிக்கொண்டேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். படகைக் கயிற்றால் கட்டிவைக்கும் குட்டைக் கட்டைக்கு என்ன பெயர்? எங்கள் ஊரில் மாடு கட்டுவதைக் கட்டுத்தறி என்போம். அடுத்தது: எல்லாக் காலும் ஒன்றேதானா? கடைசியில், மூலையில், அலையை முதலில் வாங்குகிற காலுக்குத் தனிப்பெயர் உண்டா? ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. இங்கே அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

உங்கள் மாடியிலிருந்து கடல் எந்த நிறத்தில் தெரியும்? இது பட்டியலுக்கு அல்ல.

அன்புடன்,
அற்புதமேரி


786

27-6-61

அக்கா,

வீட்டுல கார்டுதான் இருக்கு. பொடிப்பொடியா எழுதுறேன். என்னைய அவர்கள் இவர்கள்னு எழுதாதீங்க, எனக்குப் பத்தொன்பது வயசு. படகு கட்டுறதை இங்க முளைன்னு சொல்வோம். ஆனா ஒங்க மாட்டுப் பேரு நல்லாருக்கு. சாயங்காலம் வத்தையெல்லாம் வரிசையா வந்து நிக்கிறப்ப மாடு வீடு திரும்புன மாதிரியேதான் இருக்கும். அதையே எழுதுங்க.

காலுக்குப் பேரு உண்டு. கரைப்பக்கம் மொத கால் ஜைனுக்கால். கடல்பக்கம் வடக்கு மூலையில நின்னு அலையை வாங்குறது ஜன்னத்கால். இருக்குறதுலயே அதுதான் அசையாத கால். கடல் இன்னைக்குத் தவிட்டுக் கலர். மீதி எழுத எடம் இல்ல.

ஆபிதா


திருச்சி,
14-7-1961

என் அன்புள்ள ஆபிதா,

இன்று நான் அலுவலகத்திலிருந்து விடுதிக்கு நடந்து வரவில்லை. ஏறக்குறைய ஓடி வந்தேன். வாசலில் காவல்கார அம்மா, "என்ன மேரி, நாய் துரத்துதா?" என்று கேட்டார்.

நேற்றுக் குழு கூடியது. என் பக்கம் வந்தபோது கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கால், உத்தரம், முட்டு எல்லாம் மறுப்பின்றிப் போயின. கட்டுத்தறிக்கு ஒருவர் மேசையைத் தட்டினார். பிறகு "ஜன்னத்கால்: அலையை முதலில் தாங்கும் மூலைக்கால்" என்று படித்தார்கள். முத்துராமன் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரம்மா இது? இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது யார்?"

எழுந்து நின்றேன். திருப்பதி அண்ணன்தான், "நம்ம மேரிதான் சார்" என்றார்.

"ஜன்னத் என்றால் சொர்க்கம் என்று தெரியுமா உனக்கு? அரபு மாலுமிகள் விட்டுப்போன சொல்லாக இருக்கும். புயலில் தத்தளித்து வருகிறவன் கண்ணுக்கு முதலில் தெரியும் கால், சொர்க்கத்தின் கால்! எப்பேர்ப்பட்ட கற்பனை! நான் பார், தூண்மேடை தூண்மேடை என்று செக்கைச் சுற்றிக்கொண்டிருந்தேன்."

இன்று அவர் அந்த ஒரு சொல்லைப் பற்றி இரண்டு பக்க முன்னுரை எழுதிக்கொண்டு வந்துவிட்டார். என் பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன. போகும்போது, "ஆகஸ்டு பற்றிக் கவலைப்படாதே" என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஆபிதா, இது உன்னால் வந்தது. எங்கள் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். அவர் அதை மாதா கோயிலுக்கு எடுத்துப் போய் சாமியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். ஊருக்கே தெரிந்துவிடும்.

ஜைனுக்கால் என்பதற்கும் ஐயா பொருள் தேடிக்கொண்டிருக்கிறார். உனக்குத் தெரியுமா?

மிக்க மகிழ்ச்சியுடன்,
மேரி


786

19-7-61

மேரி அக்கா,

ஒங்க கடுதாசியை அத்தாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். பாதியில அத்தா எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. கோவமாக்கும்னு பாத்தா, கொல்லையில நின்னு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க.

அக்கா, ஜன்னத் பீவி எங்க தெருவுல பணியாரம் சுடுறவுங்க.

ஜைனுன்னா ஜைனுதீன் மாமா. ஆனை மாதிரி இருப்பாங்க.

எனக்கு இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். ஒங்களுக்குத் தெரியாதுன்னு தோணவே இல்ல. கால் நடுறப்ப மூணு கம்பை ஊணி, கப்பி மாட்டி, இரும்புக் குண்டை இழுத்து இழுத்துக் கால் தலையில விடுவாங்க. அது சேத்துல எறங்குற வரைக்கும் சாயாம இருக்க, ஒருத்தர் தள்ளி நின்னு வழிக்கயித்தைப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். நடுவுல ஆள் மாறக் கூடாது. கடைசி வரைக்கும் யாரு புடிச்சாங்களோ அவுங்க பேருதான் அந்தக் காலுக்கு. அப்புறம் அந்தக் கால் சாஞ்சா ஏச்சும் அவுங்களுக்குத்தான்.

வடக்கு மூலைக் காலுக்குக் கயிறு புடிச்சது செல்லமுத்து அண்ணன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. குண்டு இழுக்குறவுங்கள்லாம் ஜும்ஆ தொழப் பள்ளிக்குப் போயிட்டாங்க. காலு அரைவாசி எறங்கி நிக்குது, அண்ணன் மட்டும் கயித்தோட. அப்பப் பாத்துச் சொறிமுட்டை (பட்டா எரியிற வழவழ மீனு) தொடையில ஒரச, "ஆத்தாடி!"ன்னு கயித்தை விட்டுட்டுக் கரைக்கு ஓடிருச்சு. பணியாரம் கொண்டுபோன ஜன்னத் பீவி பாத்திருக்காங்க. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கி, ஒரு கையில பணியாரக் கூடை, ஒரு கையில கயிறு. தொழுகை முடிஞ்சு ஆளுங்க வார வரைக்கும் விடல. வந்ததும் சொன்ன மொத பேச்சு, "ஒங்க காலும் சாயல, எம் பணியாரமும் நனையல. ரெண்டுக்கும் யாரு பதில் சொல்றது?"

சர்க்கார் பொத்தகத்துல பேரு வருதுன்னு சொன்னேன். "சொர்க்கம்னா எழுதியிருக்காக? எம் மாப்புள்ளைக்குப் படிச்சுக் காட்டு, நரகம்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு"ன்னாங்க. எங்க பக்கம் மாப்புள்ளைன்னா புருசன்.

முப்பத்தஞ்சு கால் நட்டாச்சு. எந்தக் கால் யாருதுன்னு தேதியோட நோட்டுல எழுதி வச்சிருக்கிறது நான் ஒருத்திதான். எம்பேருல ஒரு கால் இல்ல. தெற்கு மூலைக் கால் ஒண்ணுதான் மிச்சம். அத்தாட்ட கேட்டேன். "கயிறு கையை அறுத்துரும்மா"ன்னு சொல்லிட்டாங்க. ஜன்னத் பீவிக்கு அறுக்காத கயிறு. சரி, அது கெடக்கட்டும்.

ஒங்களுக்கு இதுல ஒண்ணும் வராதுல்ல அக்கா?

ஆபிதா


திருச்சி,
22-7-1961

ஆபிதா,

கார்டில் இடம் இல்லை என்று எழுதினாயே, அந்த இடத்தில் என் வேலை இருந்தது.

உன்மேல் கோபம் இல்லை. இருக்கிறது. இல்லை. கேட்காமல் எழுதிக்கொண்டவள் நான்தான். கடவுளின் எண்ணையே வரவு வைத்தவளுக்குப் பணியாரக்கார அம்மாவைத் தூணாக்கத் தெரியாதா?

ஒன்று கேட்கிறேன். யாரிடமும் சொல்லாதே. அத்தாவையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல். புத்தகம் வெளிவந்துவிடட்டும். கோட்டைப்பட்டினம் வரை வந்து யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஐயா தன் முன்னுரையை அறைக்கு அறை படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மேரி


786

26-7-61

அக்கா,

சொல்ல மாட்டேன். எங்க வீட்டுலேருந்து பேச்சு வெளிய போகாது. ஜன்னத் பீவி வாய்க்கு மட்டும் நான் பொறுப்பில்ல.

ஆனா மாடியிலேருந்து பாத்த ஒண்ணைச் சொல்றேன். பதினோராவது கால் செல்லமுத்து அண்ணனோடது. நட்டு ரெண்டாம் நாள் அது லேசா சாஞ்சிருந்துச்சு. எனக்கே இங்கேருந்து தெரியல. அண்ணன்தான் தண்ணியில நின்னு, "என் கால் சாஞ்சிருக்கு, என் கால் சாஞ்சிருக்கு"ன்னு கத்துனுச்சு. எல்லாரும் ஏசுனாங்க, நக்கலடிச்சாங்க. அன்னைக்கே முட்டுக் குடுத்தாங்க. இப்ப அது மேல பலகை போட்டு ஆளு நடக்குது. அண்ணன் கம்முனு இருந்திருந்தா பலகையையும் உத்தரத்தையும் சேத்துப் பிரிச்சிருக்கணும்.

எனக்குத் தோணுனது அவ்வளவுதான். ஒங்க இஷ்டம். நீங்க பேசாம இருந்தாலும் நான் ஒங்களுக்கு எழுதுவேன்.

கடல் நேத்துப் பச்சை. கேட்டீங்களேன்னு எழுதுறேன்.

ஆபிதா


திருச்சி,
18-8-1961

என் ஆபிதாவுக்கு,

இருபது நாளாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். முதல் ஒன்பது நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. மற்ற நாட்களில் நேரம் இல்லை.

பத்தாம் நாள் காலை முத்துராமன் ஐயாவின் அறைக்குள் போனேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும், அதனால் நின்றேன். "ஐயா, என் கால் சாய்ந்திருக்கிறது" என்று ஆரம்பித்துவிட்டேன்! அவர் பதறி எழுந்து, "எங்கே விழுந்தாய் அம்மா?" என்று என் பாதத்தைப் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, கயிறு, சொறிமுட்டை, பணியாரக் கூடை, ஒன்றையும் விடவில்லை. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்து போனேன். நிமிர்ந்தபோது கண்ணில் நீர்தான், ஆனால் சிரிப்பு.

"இரண்டு பக்கம் எழுதினேனே மேரி! அரபு மாலுமி, புயல், சொர்க்கம்! நீ ஒரு வரி தப்பாக எழுதினாய். நான் கேட்காமலே இரண்டு பக்கம் தப்பாக எழுதினேன். நம் இருவரில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம், சொல்."

அவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். திருப்பதி அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. மதியத்துக்குள் அலுவலகத்தில் ஆளுக்கொரு தூணுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சுவரோரம் ஆடும் அலமாரிக்குத் திருப்பதிக்கால் என்று பெயர்.

ஐயா தன் முன்னுரையைக் கிழித்துவிட்டார், ஆனால் என் தாள்கள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன. அதனால் ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டுகிறார்கள். "ஜன்னத்கால் என்பதை முனைக்கால் என்று திருத்திப் படிக்கவும். ஜன்னத் பீவி என்பவர் கோட்டைப்பட்டினம் பாலத்தின் முனைக்காலை நிறுத்த உதவியவர்." ஜைனுக்காலும் கரைக்கால் என்று மாறிவிட்டது. முதல் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், ஜன்னத் பீவியிடம் கொடு. புத்தகத்தில் ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை சரியாகவும் அவர் பெயர் வருகிறது. அவர் மாப்பிள்ளைக்கு இரண்டையும் படித்துக் காட்டட்டும்.

பாலம் பாலமாகவே இருக்கிறது. "அங்கிட்டுக் கரை வத்தையில் வருகிறது" என்று அத்தா சொன்னதை ஐயாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் தூண்மேடை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இன்று பட்டியல் ஒட்டினார்கள். நிரந்தரமாக்கப்பட்ட இருவரில் முதல் பெயர் என்னுடையது. ஐயா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அடுத்த பதிப்புக்கு முன் ஒவ்வொரு சொல்லையும் அது நிற்கும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். "கார்டை நம்பாதே, கண்ணை நம்பு" என்றார். ஆகவே வருகிற புதன்கிழமை திருச்சியில் பஸ் ஏறுகிறேன். கீரனூரில் அப்பா ஏறிக்கொள்வார். அவரும் கடலைப் பார்த்ததில்லை. புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மாறி, சாயங்காலத்துக்குள் உங்கள் ஊர். நாங்கள் இருவரும் கடலைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பதை நீ உன் மாடியிலிருந்து பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் மறுநாள் நீ மாடியில் நிற்கக் கூடாது.

ஏன் என்பதை அத்தாவிடம்தான் சொல்ல வேண்டும். அடுத்து வருவது உனக்கு இல்லை. ஆனால் அவருக்கு நீதானே படித்துக் காட்ட வேண்டும்! சத்தமாகப் படி. நடுவில் நிறுத்தாதே, சிரிக்காதே, ஒரு சொல்லைக்கூட விழுங்காதே.

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டேன். இப்போது கேட்கவில்லை, பழகிவிட்டேன். தெற்கு மூலைக் கால் இன்னும் கரையில்தான் கிடக்கும் என்று நம்புகிறேன். வியாழக்கிழமை தண்ணீர் வற்றும் நேரம் வரை அது அங்கேயே கிடக்கட்டும். கை அறுபடாமல் சுற்றிக்கொள்ள எங்கள் ஊர்த் தறித்துணி நான்கு முழம் கொண்டுவருகிறேன். ஜன்னத் பீவி பக்கத்தில் நிற்பார். கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். எனக்குப் பெயர் வேண்டாம். சொறிமுட்டை வந்தால் ஓடுவதற்குச் செல்லமுத்து அண்ணன் இருக்கிறார்.

முப்பத்தைந்து கால்களின் பெயரையும் தேதியையும் பிழையின்றி எழுதிவைத்த ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். முப்பத்தாறாவது வரியை மட்டும் நான் எழுத விரும்புகிறேன். இந்த முறை நேரில் பார்த்து, சரியாக.

கயிற்றை ஆபிதா கையில் கொடுங்கள்.

அற்புதமேரி